நெல்லும் சாமுராயும் மட்டுமா? அமினோ யோஷிஹிகோ காட்டிய இடைக்கால ஜப்பான்

கேள்வி இது: இடைக்கால ஜப்பான் என்பது நெல் விளைவித்த குடியானவர்களும், அந்த நெல்லை வரியாகக் கொண்ட சாமுராய்களும் கோயில்களும் சேர்ந்த ஒரு வேளாண் சமூகம் என்றுதான் பாடநூல்களில் படிக்கிறோம், அமினோ யோஷிஹிகோ என்ற வரலாற்றாசிரியர் அந்தச் சித்திரத்தையே கலைத்துவிட்டார் என்கிறார்களே, அவர் நிறுவியது என்ன, அது இன்றும் நிற்கிறதா?

அவருடைய எழுத்தில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். முதலாவது, ஆட்சியாளர்கள் நிலத்தை எண்ணினார்கள், ஆகையால் நிலம் பற்றிய ஆவணங்களே மிகுதியாகத் தங்கின, அவற்றை மட்டும் படித்த வரலாற்றாசிரியர்கள் கடலையும் மலையையும் சந்தையையும் பார்க்கத் தவறினார்கள் என்ற வாதம். இரண்டாவது, அந்தக் கடல், மலை, சந்தை மனிதர்கள் தெய்வத்துக்கும் பேரரசருக்கும் நேரடியாகக் கட்டுப்பட்டவர்களாய், பிறருடைய பிடியிலிருந்து விடுபட்டு வாழ்ந்தார்கள் என்ற வாதம். முதலாவதை நான் ஏறத்தாழ முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது அழகானது, ஆனால் அதைத் தாங்குகிற சான்றுகள் மெலிந்தவை.

இடைக்காலம் என்று இங்கே சொல்வது, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் காமகுராவில் படைவீரர் அரசு எழுந்தது தொடங்கி 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலான காலம். அதைப் பற்றிய போருக்குப் பிந்தைய ஆய்வுக்குத் திசை காட்டியவர் இஷிமோதா ஷோ. அவர் 1946இல் வெளியிட்ட நூல், இகா நாட்டிலிருந்த (இங்கே நாடு என்பது மாகாணம்) குரோதா என்ற ஒரே ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, தோதாய்ஜி கோயிலுக்கும் உள்ளூர் நிலத்தலைவர்களுக்கும் இடையே நடந்த நெடும்போராட்டத்தின் வழியே ஒரு புதிய சமூகம் பிறந்த கதையைச் சொன்னது. நிலம் யாருடையது, உழுதவர் அடிமையா பண்ணையாளா தற்சார்புள்ள குடியானவரா, உபரியை யார் கொண்டுபோனார் என்பவையே அடுத்த தலைமுறை மார்க்சிய அறிஞர்களின் கேள்விகளாக இருந்தன. 1928இல் யமனாஷியில் பிறந்த அமினோவும் அவர்களில் ஒருவராகத்தான் தொடங்கினார்.

அவரைத் திசை திருப்பியது ஒரு வேலை. தோக்கியோ பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும், நாடெங்கும் உள்ள மீனவ ஊர்களிலிருந்து பழைய ஆவணங்களை இரவல் வாங்கித் தொகுக்கும் திட்டம் ஒன்றில் அவர் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பணம் வற்றித் திட்டம் கலைந்தது. இரவல் வாங்கிய ஆவணங்களில் பெரும்பகுதி உரியவர்களிடம் திரும்பவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அவரே ஊர் ஊராகச் சென்று அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். இடையில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகவும், பிறகு நாகோயாவிலும் கனகாவாவிலும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் இருந்து 2004இல் மறைந்தார். நிலத்தைக் கணக்கிட்ட கோயில் ஆவணங்களோடு, மீன்பிடி உரிமைக்காகச் சண்டையிட்ட ஊர்களின் காகிதங்களையும் இளமையிலேயே கையில் எடுத்துப் படித்தவர் என்பது அவருடைய பிற்கால எழுத்து முழுவதையும் விளக்குகிறது.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். இடைக்கால ஜப்பானின் அடிப்படை அலகு ஷோஎன் எனப்பட்ட தனியுரிமை நிலப்பகுதி. தலைநகரான கியோத்தோவிலிருந்த ஒரு பிரபு குடும்பமோ கோயிலோ அதன் மேலுரிமையாளர். உள்ளூரில் ஒரு நிர்வாகி. 1185க்குப் பிறகு பல இடங்களில் காமகுரா அரசு நியமித்த ஜிதோ என்ற படைவீரர். கீழே வரி கட்டும் பொறுப்பை ஏற்ற குடித்தலைவர்கள். ஒரே நிலத்தின் மீது இத்தனை பேருக்கும் அடுக்கடுக்காகப் பங்கு இருந்தது. அமினோ 1966இல் வெளியிட்ட முதல் பெரிய ஆய்வு, வகாசா நாட்டில், இன்றைய ஒபாமா நகரை அடுத்திருந்த தாரா என்ற சிறு பள்ளத்தாக்கு நிலப்பகுதியைப் பற்றியது. கியோத்தோவின் தோஜி கோயில் அதன் உரிமையாளர். அந்தக் கோயிலில் ஏறத்தாழ 25,000 ஆவணங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அதே கோயிலின் மற்ற உடைமைகளைப் பார்த்தால் படம் மாறத் தொடங்குகிறது. செத்தோ உள்நாட்டுக் கடலில் யூகே என்ற தீவு தோஜிக்குச் செலுத்திய வரி உப்பு. சூகோகு மலைகளுக்குள் இருந்த நீமி நிலப்பகுதியிலிருந்து இரும்பும் அரக்குப் பாலும் காகிதமும் வரியாகப் போயின. இவை தனிப்பட்ட விதிவிலக்குகளா என்று கேட்கலாம். அமினோ நாடு முழுவதிலும் கிடைத்த வரி ஆவணங்களைத் தொகுத்து வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். நெல்லை வரியாகச் செலுத்திய பகுதிகள் பெரும்பாலும் உள்நாட்டுக் கடலின் கரைகளிலும் கியூஷூவிலும் தலைநகரைச் சுற்றியும் இருந்தன. மினோ, ஓவாரி நாடுகளிலிருந்து கிழக்கே போகப் போகப் பட்டும் பட்டுப் பஞ்சும் சணல் துணியும். வடகோடியில் முத்சுவிலிருந்து பொன்னும் குதிரையும். இந்த வரிகளில் பெரும்பாலானவை ஆவணத்தில் வயல் பரப்பை வைத்தே மதிப்பிடப்பட்டன என்பதுதான் சுவையான செய்தி. இத்தனை பரப்பு வயலுக்கு இத்தனை முழம் பட்டு என்று எழுதியிருக்கும். அதாவது வயல் அங்கே ஒரு கணக்கு அலகாக நிற்கிறது. உண்மையில் உழைப்பு நடந்தது தறியிலும் உப்பளத்திலும் உலைக்களத்திலும். வயல் என்ற சொல்லை எண்ணிக்கொண்டே போன ஆய்வாளருக்கு எல்லாரும் உழவராகத் தெரிந்ததில் வியப்பில்லை.

நாணயத்தின் கதையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஜப்பானிய அரசவை 958ஆம் ஆண்டு வெளியிட்ட நாணயத்துக்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அங்கே எந்த நடுவண் அரசும் நிலையாக நாணயம் அடிக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டு முதல் சீனாவின் சோங் அரசு வார்த்த செப்புக் காசுகள் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தன. அரசவை தடை விதித்துப் பார்த்தது, பலிக்கவில்லை. 1323இல் சீனாவின் நிங்போ துறையிலிருந்து கியூஷூவின் ஹகாத்தா துறையை நோக்கிப் புறப்பட்டுக் கொரியாவின் சினான் கரைக்கு அப்பால் மூழ்கிய ஒரு கப்பல் 1976 முதல் அகழப்பட்டது. அதன் வயிற்றில் 20,000க்கு மேற்பட்ட பீங்கான் பொருட்களுடன் ஏறத்தாழ 28 டன் செப்புக் காசுகள் கிடந்தன. சரக்கில் கட்டியிருந்த மரச்சீட்டுகள் சிலவற்றில் கியோத்தோவின் தோபுகுஜி கோயிலின் பெயர் இருந்தது. ஒரே ஒரு கப்பலின் சரக்கு இது. நாட்டின் மறுமுனையில், ஹொக்காய்தோவின் ஹகோதாத்தே அருகே ஷினோரியில் 1968இல் மூன்று பெரிய சாடிகளில் 3,70,000க்கும் மேற்பட்ட காசுகள் அகப்பட்டன. சாடிகள் எச்சிசென்னிலும் நோதோ தீபகற்பத்தின் சூசுவிலும் சுட்டவை. அரிசி விளையாத அந்த வடகரையில் அவ்வளவு காசு எப்படிச் சேர்ந்தது என்ற கேள்விக்கு, ஜப்பான் கடலோரக் கப்பல் போக்குவரத்தை விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஷோஎன் வரிகள் காசாக மாறின. இந்த மாற்றம் மேலிருந்து வந்த கட்டளையா, கீழிருந்து வந்த வசதியா என்ற விவாதம் நெடியது. தென் சோங் அரசு விழுந்து, மங்கோலிய ஆட்சி காகிதப் பணத்தைப் புகுத்தியபோது சீனாவில் வேலை இழந்த செப்புக் காசுகள் வெளியே பாய்ந்தன என்பதே வலுவான விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளைவு தெளிவானது. வரியைப் பொருளாகச் சுமந்து தலைநகருக்கு அனுப்புவதற்குப் பதிலாக, அந்தப் பொருளை உள்ளூர்ச் சந்தையிலேயே விற்றாக வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் அருகே ஒரு சந்தை தேவைப்பட்டது. 1299இல் தீட்டப்பட்ட, இப்பென் துறவியின் வாழ்வைச் சொல்லும் ஓவியச் சுருளில் பிசென் நாட்டின் புகுஓகா சந்தை வரையப்பட்டிருக்கிறது. தற்காலிகக் கொட்டகைகள், துணி, அரிசி, மீன், பெரிய மண் சாடிகள். விற்பவர்களிலும் வாங்குபவர்களிலும் பெண்கள் பலர்.

நீமி போன்ற மலைநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான காசுகளைக் கோர்வை கோர்வையாகச் சுமந்து வருவதும் எளிதல்ல. அதற்கும் வழி கண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் நீமியின் நிர்வாகிகள் வணிகரிடம் பணத்தைக் கட்டி சைபு எனப்பட்ட உண்டியல் சீட்டை வாங்கிக் கியோத்தோவுக்கு அனுப்பினார்கள். சீட்டு ஒன்று பெரும்பாலும் 10,000 காசு மதிப்புள்ளது. கோயில் அதைச் சாக்காய் துறைமுக நகரின் வணிகரிடமோ கியோத்தோ வணிகரிடமோ கொடுத்துப் பணமாக்கிக்கொண்டது. பணம் தர மறுக்கப்பட்ட சீட்டுகளைப் பற்றிய புலம்பல்களும் தோஜி ஆவணங்களில் இருக்கின்றன. இந்த உண்டியல் முறையைப் பிற்பாடு நுணுகி ஆராய்ந்தவர் சகுராய் எய்ஜி. அமினோ திறந்த கதவின் வழியே உள்ளே போய், அவரைவிடக் கவனமாகக் கணக்குப் பார்த்தவர் என்று சகுராயைச் சொல்வேன்.

கடல் வழி எவ்வளவு நெரிசலாக இருந்தது என்பதற்கு ஒரே ஆவணம் போதும். இன்றைய கோபே நகரில் இருந்த ஹியோகோ துறையின் வடக்குச் சுங்கச்சாவடி தோதாய்ஜி கோயிலுக்குச் சொந்தம். 1445ஆம் ஆண்டு அங்கே வந்த ஒவ்வொரு கப்பலின் ஊர், சரக்கு, அளவு, சுங்கத்தொகை, மாலுமி, தரகர் ஆகியவற்றைக் கோயில் எழுதி வைத்தது. ஓராண்டில் ஏறத்தாழ 2,000 வருகைகள். உப்பும் அரிசியும் மரமும் மீனும் எள்ளும். உப்பை உப்பு என்று எழுதாமல் விளைந்த இடத்தின் பெயராலேயே எழுதியிருப்பதால், வாங்குவோர் அதைத் தர வகையாகப் பிரித்து அறிந்திருந்தார்கள் என்று ஊகிக்கலாம். இந்தப் பதிவேடு அச்சில் வந்தது 1981இல்தான். அதற்கு முன் எழுதிய தலைமுறையைக் குறை சொல்லும்போது இதை நினைவில் வைப்பது நியாயம்.

இத்தகைய தொழில்களைச் செய்தவர்கள் யாருடைய குடிகள்? இங்கேதான் அமினோவின் இரண்டாவது இழை தொடங்குகிறது. வார்ப்படத் தொழிலாளர், மீனவர், படகோட்டி, எண்ணெய் வணிகர் முதலிய பலர் பேரரசருக்கோ பெருங்கோயிலுக்கோ குறிப்பிட்ட பொருளைப் படைக்கும் கடமையை ஏற்று, அதற்கு ஈடாக நாடெங்கும் சுங்கமின்றிச் செல்லும் உரிமையைப் பெற்றிருந்தார்கள். பேரரசருக்குப் படைத்தவர்கள் குகோனின் எனப்பட்டார்கள். இவாஷிமிசு ஹச்சிமன் கோயிலுக்கு விளக்கு எரிக்க எண்ணெய் அளித்த ஓயமாசாகி ஊரின் குழு, எகோமா என்ற செடியின் விதையிலிருந்து ஆட்டிய எண்ணெயின் வணிகத்தைப் பல நாடுகளில் தன் கைக்குள் வைத்திருந்தது. கத்சுரா ஆற்றில் நீர்க்காகங்களைக் கொண்டு அயு மீன் பிடித்த குடும்பங்களின் பெண்கள் அந்த மீனைக் கியோத்தோவில் விற்றார்கள். வார்ப்படத் தொழிலாளர் காட்டிய உரிமைச் சாசனங்களில் பல போலி என்பதை அமினோ நன்கு அறிந்திருந்தார். ஆனால் போலி என்று தள்ளிவிடாமல், அவர்கள் ஏன் பேரரசரின் பெயரில் போலி செய்தார்கள், அந்தப் பெயருக்கு வழிச்சாவடியில் என்ன மதிப்பு இருந்தது என்று கேட்டார். அவருடைய ஆய்வு முறையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

இதிலிருந்து அவர் 1978இல் வெளியிட்ட நூலில் ஒரு பெரிய பாய்ச்சல் பாய்ந்தார். முஎன், குகாய், ராகு என்ற மூன்று இடைக்காலச் சொற்களை ஒன்றாகக் கட்டி, உலகப் பற்றும் உடைமைப் பிணைப்பும் அறுந்த ஒரு வெளியை அவை சுட்டுகின்றன என்றார். ஆற்றங்கரை, மணல்திட்டு, கோயில் வளாகம், சந்தை ஆகியவை அத்தகைய வெளிகள். அங்கே கடன்காரரும் ஆண்டையும் துரத்தி வர முடியாது. கணவனை விட்டு ஓடி வந்த பெண்களை ஏற்றுக்கொண்ட காமகுராவின் தோகெய்ஜி போன்ற, பிற்பட்ட எடோ காலத்துக் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) கோயில்கள் அந்த மரபின் எச்சம். சாக்காய் போன்ற தன்னாட்சி நகரங்களும், 1567இல் ஓதா நோபுனாகா கிபு அருகே கானோவில் அறிவித்த தடையற்ற சந்தையும் அதிலிருந்து கிளைத்தவை என்றும் வாதிட்டார். 14ஆம் நூற்றாண்டில் தென் அரசவையும் வட அரசவையும் மோதிக்கொண்ட காலத்தில் பேரரசரின் புனிதம் சரிந்ததும், அதைச் சார்ந்திருந்த இந்த மனிதர்களில் ஒரு பகுதியினர் செல்வந்த வணிகர் ஆனார்கள், மறுபகுதியினர் தீண்டத்தகாதோர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவருடைய முடிவு. நூல் கல்வியுலகுக்கு வெளியே பெரும் வரவேற்பைப் பெற்றது.

வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு எளிதாக மயங்கவில்லை. அராகி மோரிஅகி கடுமையாகவே மறுத்தார். நகஹாரா கெய்ஜி அந்த நூலில் சமூகத்தின் ஆதிக்க உறவுகள் கரைந்து போகின்றன என்று கருதினார். மறுப்பின் வலுவான பகுதி எளியது: இடைக்கால ஆவணங்களில் முஎன் என்ற சொல் பல இடங்களில் பாதுகாப்பாளர் இல்லாத, கதியற்ற நிலையையே குறிக்கிறது. ஆதரவற்ற கோயில் ஒன்று தன்னை அப்படி அழைத்துக்கொண்டு ஒரு பிரபுவிடம் புரவலராகும்படி கெஞ்சும்போது, அங்கே விடுதலையைத் தேடுவது கடினம். தாழ்த்தப்பட்டோர் பற்றிய பகுதியிலும் இதே இடர்ப்பாடு. பிணம் அகற்றி, நகரைத் தூய்மை செய்த ஹினின் எனப்பட்ட மக்கள் தொடக்கத்தில் தெய்வத்தின் பணியாளராக மதிக்கப்பட்டார்கள் என்றார் அமினோ. குரோதா தோஷியோவோ அவர்கள் தொடக்கத்திலிருந்தே சமூகப் படிநிலைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் என்றார். கோயிலுக்குப் பணி செய்ததும் இழிவுபடுத்தப்பட்டதும் ஒரே காலத்தில் ஒரே மனிதருக்கு நேரக்கூடியவை. இந்த இடத்தில் நான் குரோதா பக்கம் சாய்கிறேன்.

அமினோவின் முதல் இழை மிக வலுவாகத் தெரியும் இடம், விந்தையாக, இடைக்காலத்துக்குப் பிந்தையது. நோதோ தீபகற்பத்தின் தோகிகுனி குடும்பம், 1185இல் அங்கே நாடுகடத்தப்பட்ட தைரா நோ தோகிதாதாவின் வழிவந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொள்வது. நூற்றுக்கணக்கான பண்ணையாட்களை வைத்திருந்த பெருநிலக்கிழாராக அது பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது. 1980களில் அமினோவும் கனகாவா பல்கலைக்கழகத்தின் அவருடைய தோழர்களும் குடும்பத்துக் காகிதங்களை முழுமையாக எடுத்துப் பார்த்தார்கள். பத்திரப்படுத்திய கட்டுகளில் நில ஆவணங்களே மிகுதி. அக்காலத்தில் பயனற்ற காகிதத்தைக் கதவுத்திரைகளின் உள்ளே ஒட்டுவது வழக்கம். அந்த ஒட்டுகளைப் பிரித்தபோது கப்பல்களும் உப்பும் கரியும் கடற்பாசியும் கடன் கணக்குகளும் வெளிப்பட்டன. ஹொக்காய்தோ முதல் சுருகா வரை கப்பல் ஓட்டிய குடும்பம் அது. அதற்கு 100 ரியோ பொன் கடன் கொடுத்திருந்த ஷிபகுசயா என்ற கப்பல் வணிகர், வரிப் பதிவேட்டில் நிலமற்ற கடைநிலைக் குடியாகப் பதிவானவர். அவருக்கு நிலம் இல்லை என்பது உண்மை. தேவைப்படவில்லை என்பதுதான் பதிவேட்டில் இல்லை. பதிவேடுகள் ஹியகுஷோ (பொதுக்குடி) என்று எழுதும் இடத்திலெல்லாம் உழவர் என்று படித்துப் பழகியது எவ்வளவு பெரிய பிழை என்பதை அமினோ தம் கடைசி இருபது ஆண்டுகளும் ஓயாமல் சொல்லிவந்தார். தோகிகுனி குடும்பத்தின் மேல் கிளைக்குரிய பழைய மாளிகை 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்தச் சான்று 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கடற்கரைச் சான்று, கப்பல் வைத்திருந்தவர்களின் சான்று. இதை வைத்து 13ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுச் சிற்றூரைப் பற்றிப் பேச முடியாது. ஹியகுஷோக்களில் பலர் உழவர் அல்லர் என்பது நிறுவப்பட்டது; பெரும்பான்மையோர் உழவர் அல்லர் என்பது நிறுவப்படவில்லை. 1264இல் காமகுரா அரசு, நெல் அறுவடைக்குப் பின் அதே வயலில் விதைக்கும் கோதுமை, வாற்கோதுமைக்கு வரி கேட்கக்கூடாது என்று ஆணையிட்டது. இருபோக உழவு அந்த அளவுக்குப் பரவியிருந்தது. வில்லியம் வெய்ன் ஃபாரிஸின் மதிப்பீட்டின்படி 1280இல் சுமார் 60 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1450இல் சுமார் ஒரு கோடியை எட்டியது. கூடுதலான அந்த வயிறுகளுக்குச் சோறு போட்டது முதன்மையாக வயலும் புன்செய்யும்தான்.

சந்தையையும் காசையும் பற்றி அமினோ எழுதும்போது அவற்றின் கொடுமை பெரும்பாலும் பின்னணிக்குப் போய்விடுகிறது. 1420களின் நடுவில் கியோத்தோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 340க்கு மேற்பட்ட மதுவடிப்போர் பதிவாகியிருந்தார்கள். அவர்களில் பலர் அடகுக்கடைக்காரர்கள், அவர்களில் பலருக்குப் பின்னால் ஹியேய் மலையின் என்ரியாகுஜி கோயிலின் பலம். 1428இல் ஓமி நாட்டின் சரக்குக் குதிரைக்காரர்கள் தொடங்கிய கிளர்ச்சி அடகுக்கடைகளை உடைத்துக் கடன் பத்திரங்களைக் கிழித்தது. நாரா அருகே யாக்யூவில், ஜிசோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் உருவம் செதுக்கிய பாறை ஒன்றில், அந்த ஆண்டுக்கு முற்பட்ட கடன் எதுவும் தங்கள் நான்கு ஊர்களுக்கு இல்லை என்று ஊரார் வெட்டி வைத்த வரிகள் இன்றும் இருக்கின்றன. சந்தையால் விடுதலை பெற்றவர்களின் குரல் அதில் கேட்கவில்லை.

இதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1431இல், கியோத்தோவின் அரிசி வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து நகருக்குள் வரும் அரிசியை வழியிலேயே தடுத்து விலையை ஏற்றினார்கள். பஞ்சம் வர வேண்டி அவர்கள் வழிபாடு நடத்தியதாகக்கூட அக்கால நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. 1460-61 பஞ்சத்தில் கியோத்தோவில் இறந்தவர்களை ஒரு துறவி 82,000 என்று கணக்கிட்டதாகப் பதிவு உண்டு. சாலைகளும் கப்பல்களும் உண்டியல்களும் அப்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தன. வரியையும் அரிசியையும் தலைநகருக்கு இழுத்த அதே வலைப்பின்னல், விளைச்சல் பொய்த்த ஆண்டில் பட்டினி கிடந்தவர்களையும் அங்கேயே இழுத்தது. பஞ்சத்தையும் போரையும் மையமாக வைத்து இடைக்காலத்தை எழுதிய புஜிகி ஹிசாஷியை அமினோவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். முதலில் அமினோ, பிறகு புஜிகி, கணக்கு வழக்குகளில் ஆர்வம் இருந்தால் சகுராய் என்பது நல்ல வரிசை. அமினோவைப் படிக்கும்போது, சான்று காட்டி அவர் பேசும் பக்கங்களையும் தாம் நம்ப விரும்பியதைப் பேசும் பக்கங்களையும் வேறுபடுத்திக்கொள்ளுங்கள். அவர் அவற்றை ஒளிக்கவில்லை, பெரும்பாலும் அடுத்தடுத்த பத்திகளிலேயே இருக்கும்.